மன்னார்க் கரையில் இறங்கியவர்கள்

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, அவர்களது முன்னோர் நடந்த பாதையிலேயே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரம் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி அவர்கள் மாத்தளையை அடைந்தனர். முதல் நாள் செய்தி சேகரிக்கச் சென்ற நானும் சிறிது தூரம் உடன் நடந்தேன். வழிநெடுகிலும் எங்கள் ஊர்ச் சனங்கள் தண்ணீர்ப் போத்தல்களுடன் காத்து நின்றனர். அந்தக் காட்சியைக் கண்டபோது, என் அம்மம்மா தன் தாயார் வாயிலாகக் கேட்டுச் சொன்ன கதையொன்று நினைவுக்கு வந்து என்னை வருத்தியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய 1830களிலிருந்து தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறிய தமிழகக் கிராமத்தவர் மன்னார்த் தீவிலும் அதையடுத்த அரிப்புக் கரையிலும் இறங்கினர். கங்காணியின் பின்னால் காட்டுவழி நடை. மாந்தை, முருங்கன், மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று அந்தப் பாதை நீண்டது. கட்டுக்கரைக்குளத்தைத் தாண்டினால் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. கலங்கிய மடுக்களில் அள்ளிக் குடித்தனர். வாந்திபேதி அவர்களோடு சேர்ந்து நடந்தது. வாந்திபேதி தண்ணீரால் பரவுவதை ஜோன் ஸ்னோ லண்டனில் நிறுவ முயன்றதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அறிந்திருந்தாலும் இந்தப் பாதையில் கிணறு வெட்டிக் கொடுப்பதற்கு எவர் அவசரப்பட்டிருப்பர் என்பது வேறு கேள்வி.

எத்தனை பேர் இறந்தனர்? 1841 முதல் 1849 வரையில் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர் மடிந்தனர் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. வரலாற்றாசிரியர் சிலர் இக்கணக்கை ஏற்பதில்லை. வந்தவர் தொகையிலிருந்து திரும்பிச் சென்றவர் தொகையைக் கழித்து, மிச்சத்தையெல்லாம் மரணமாகக் கொள்ளலாகாது என்பது அவர்களது வாதம். திரும்பிச் சென்றோரின் பதிவு செம்மையாக இருக்கவில்லை. இவ்வாதம் நியாயமானதே. ஆனால் இறந்தோரின் தொகையைச் சரியாகச் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம், அவர்களை எண்ணுவது எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை என்பதுதான். கோப்பி மூட்டைகளுக்குக் கணக்கு இருந்தது.

அந்தப் பத்திரிகையோடு தொடர்புடைய இன்னொரு செய்தி, பத்திரிகைக்காரனான எனக்குச் சிறப்பாகத் தோன்றுகிறது. அதை நடத்திய கிறிஸ்தோபர் எலியட் ஒரு மருத்துவர். 1858இல் இலங்கையில் சிவில் மருத்துவத் திணைக்களம் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அவரே. ஆயினும் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவச் சட்டம் வர மேலும் பதினான்கு ஆண்டுகள் சென்றன. நோயுற்றோரைச் சாகுந்தறுவாயில் வைத்தியசாலைக்கு அனுப்பும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. வழியோரத்தில் கைவிடப்பட்டவர்களும் உண்டு. கம்பளை வைத்தியசாலையில் பணியாற்றிய டொக்டர் வன்டோர்ட் போன்றோர் இந்த நிலைமையை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர்.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதன் பின்னரே வந்தது. தோட்டப் பிரதேசங்கள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. தோட்ட உரிமையாளர் அதற்கான செலவில் பங்கு செலுத்த வேண்டும். அந்தக் காலத்துக்கு இது ஒரு முன்னேற்றம் என்பதை மறுக்கமுடியாது. ஆனால் இச்சட்டம் ஒரு மனிதனின் உடல்நலத்தை அவனது எசமானின் பொறுப்பில் ஒப்படைத்தது. நாட்டின் ஏனைய குடிகளுக்கு ஒரு வைத்தியம், தோட்டத்தானுக்கு வேறொரு வைத்தியம் என்ற பிரிவினை அன்று சட்டமாகியது. அதன் வேர் இன்றும் அறுபடவில்லை.

மன்னார்க் கரையில் நடந்த மருத்துவத்துக்கு வேறொரு நோக்கம் இருந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றிய பின்னர், வருகிறவனை நோயாளியாகவே பார்க்கும் கண் மேலும் கூர்மையடைந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பல் சேவையும் தொடங்கின. மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தபோதிலும் அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். தொழிலாளர் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அம்மைப்பால் குத்தப்பட்டது, கொழுக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது, உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. உயர் வகுப்புச் சீட்டு வாங்கிய பயணிகளுக்கோ இத்தகைய தடுப்பு இருக்கவில்லை. நோய்க்கிருமி சீட்டைப் பார்த்து ஏறுவதில்லை என்பதை அதிகாரிகள் அறியாதவர்களல்லர். அந்த மருத்துவம் வந்தவனைக் காப்பதற்காக இருந்ததைவிட, வந்தவனிடமிருந்து மற்றவர்களைக் காப்பதற்காகவே பெரிதும் இருந்தது. அக்காலத்தில் எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதைக் காட்டும் இலக்கத் தகரமொன்றும் அவனுக்கு வழங்கப்பட்டது. அதில் அவன் பெயர் இல்லை.

இதையெல்லாம் பிரித்தானியர் மீது சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியுமா? இனி அம்மம்மாவின் கதை. நடந்து வருகிறவர்களின் கூட்டம் தென்பட்டால் எங்கள் கிராமத்தில் படலைகளைச் சாத்திவிடுவார்களாம். கிணற்றுக் கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்களாம். இரக்கமுள்ள சிலர் ஒரு பானையில் தண்ணீர் நிரப்பி வேலிக்கு வெளியே வைப்பார்கள். அவர்கள் போன பின்னர் அந்தப் பானையை உடைத்துவிடுவார்கள். "கொள்ளைநோய்க்குப் பயந்துதான் மோனே" என்பார் அம்மம்மா. பயம் உண்மைதான். ஆனால் பானையை உடைத்ததற்கு நோய் மட்டுமே காரணமன்று, சாதியும் காரணம் என்பதை வளர்ந்த பின்னர் விளங்கிக்கொண்டேன். எங்கள் கரையில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

1997ஆம் ஆண்டு. போர்க்காலம். என் தாயாரைச் சிகிச்சைக்காகத் தெற்கேயுள்ள ஒரு பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றேன். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மன்னார் என்ற பெயருக்காகவே மறிக்கப்பட்டு, விடுதியை அடைந்தபோது அம்மா பேசும் நிலையில் மட்டுமே இருந்தார். ஆனால் அந்தப் பேச்சை விளங்கிக்கொள்ள அங்கே எவருமில்லை. தமிழ் 1987இன் 13ஆவது திருத்தத்தால் அரசகரும மொழியாகிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பெண்கள் விடுதிக்குள் என்னை இரவில் அனுமதிக்கவில்லை. வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று வைத்தியர் சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு அம்மா வயிற்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

விடியற்காலையில் தரை துடைக்க வந்த பெண்ணொருவர்தான் அம்மாவின் கட்டிலருகே நின்று, சொன்னதையெல்லாம் கேட்டு வைத்தியரிடம் சிங்களத்தில் சொன்னார். மருந்து மாற்றப்பட்டது. அம்மா பிழைத்தார். அந்தப் பெண் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். நன்றி சொன்னபோது, "எங்க பாட்டன் பூட்டன் ஒங்க ஊரு வழியாத்தான் நடந்து வந்தாங்களாம்" என்றார் சிரித்துக்கொண்டே. உடைத்த பானையைப் பற்றி அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரது மக்களுக்கு இந்நாடு செய்தது வாசகர் அறிந்ததே. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அனுப்பப்பட்டவர்கள் அதே தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் போய் இறங்கினர். எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1951 முதல் நாட்டு மக்களுக்கு இலவசமாக இருக்கும் வைத்தியம், தோட்டத்தில் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரோடு நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்தில் 31.7. 1872இல் வரையப்பட்ட கோடு இந்தக் குழந்தைகளின் எலும்பில் தெரிகிறது.

சமத்துவம் பற்றி இக்காலத்தில் பல பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. நல்லதே. வலியைத் தன் மொழியில் சொல்ல ஒருவருக்கு உரிமை வேண்டும் என்று மன்னாரில் இருந்து நாம் கேட்கிறோம். அந்தக் கோரிக்கை நீதியானது. ஆனால் தோட்டக் குழந்தையின் உயரத்தைப் பற்றியும் அதே குரலில் கேட்காதவரையில் அது அரைவாசி நீதியே.

அன்று நடைபயணத்தில் வந்த முதியவர் ஒருவர் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவினார். கயிறு அதன் இடத்தில் இருந்தது. அவர் தானே அள்ளிக் குடித்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார்.