வண்ணாரப்பேட்டை - பெயர் வந்த கதை

வடசென்னையில் ஒரே ஊருக்கு இரண்டு பெயர். தமிழில் வண்ணாரப்பேட்டை, ஆங்கிலத்தில் வாஷர்மேன்பேட். வீட்டுத் துணி வெளுத்தவர்கள் இருந்த இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு பெரிய ஏற்றுமதி வியாபாரம்!

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் சென்னையில் இடம் வாங்கியதற்கு முக்கியக் காரணமே பருத்தித் துணிதான். தறியிலிருந்து வரும் துணி பழுப்பாக, கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். அதை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, வெயிலில் காயவைத்து வெளுக்க வேண்டும். அதற்கு நல்ல தண்ணீரும் பரந்த வெட்டவெளியும் தேவை. கோட்டைக்கு வடக்கே அது கிடைத்தது. கம்பெனித் துணியை வெளுத்த வண்ணார்கள் அங்கே குடியேறினார்கள். ஊர் வண்ணாரப்பேட்டை ஆனது.

வெள்ளைக்காரர்கள் நம் ஊர்ப் பெயர்களை வாயில் நுழையாமல் உடைத்ததுதான் வழக்கம். தூத்துக்குடி, டூட்டிகொரின் ஆனது. திருவல்லிக்கேணி, டிரிப்ளிகேன் ஆனது. வண்ணாரப்பேட்டையை அவர்கள் உடைக்கவில்லை, மொழிபெயர்த்தார்கள். அந்த வேலை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறான கதை கொஞ்சம் வடக்கே, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறது. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களுக்காக அங்கே ஒரு குடியிருப்பு அமைத்தார். அதற்குக் காலட் பேட்டை என்று அவர் பெயரையே வைத்தார்கள். மக்கள் வாயில் அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது! இன்று அந்தப் பெயரைக் கேட்பவர்களுக்குக் காலடிதான் நினைவுக்கு வரும், காலட் வரமாட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் மில் துணி வந்து இறங்கியது. கைத்தறித் துணி ஏற்றுமதி படுத்தது, அதோடு வெளுப்பு வேலையும் போனது. ஊர் மட்டும் வளர்ந்து பழைய வண்ணாரப்பேட்டை, புதிய வண்ணாரப்பேட்டை என்று இரண்டானது. 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் வந்தது. எம்.சி. ரோட்டில் இன்றும் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. துணிக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகவில்லை.

சாதியைச் சொல்லும் பெயர் ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அந்தப் பெயரைச் சொல்லியே ஒரு சமூகத்தை இழிவாக நடத்தியிருக்கிறார்கள். ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஆளுநர்களுக்குப் படம் உண்டு, கல்லறை உண்டு, புத்தகம் உண்டு. வெயிலில் நின்று துணி வெளுத்தவர்களுக்கு இந்த ஊரில் மிச்சம் இருப்பது இந்த ஒரு பெயர்தான். அதையும் எடுத்துவிட்டால் சென்னையின் முதல் ஏற்றுமதியில் அவர்களுக்கும் பங்கு இருந்தது என்பதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?