பள்ளி விடுத்த நாழிகைகள்: தமிழகத்து இல்லக் கல்வி வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் மகனையோ மகளையோ சில பாடவேளைகளினின்று விலக்கி, அப்பாடங்களை இல்லத்திலேயே கற்பிக்கலாமா என்னும் வினா இன்று பெற்றோர் சிலரிடை எழுகின்றது. இதனை மேலைநாட்டினின்று வந்த புதுமை எனக் கருதுவோர் உளர். ஆயின், மாணாக்கரது நாளைப் பள்ளிக்கும் இல்லத்திற்கும் பகுத்தளிக்கும் முறை நம் நாட்டில் இருநூறாண்டுகட்கு முன்பே ஆராயப்பட்டதொன்றாம். பள்ளி விடுத்த நாழிகைகளை இல்லத்தில் நிரப்பியவர் யாவர் என்பதே அம்முறையின் நன்மை தீமைகளை அளக்கும் கோலாகும் என்பது நம் கருத்து. அதனை மூன்று சான்றுகளால் ஈண்டு ஆராய்வோம்.

முதற்சான்று சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய சர் தாமசு மன்றோ 1822-இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பாகும். பொன்னேரிப் பகுதியை உள்ளடக்கிய செங்கற்பட்டு உட்பட மாகாணத்து மாவட்ட ஆட்சியர்பால் பள்ளி விவரங்கள் கேட்கப்பட்டன. அவற்றைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் மன்றோ எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர். இத்தொகையினும் நம் கருத்தை ஈர்ப்பது பிறிதொன்று. சென்னை நகரில் மட்டும் 26,963 சிறார் இல்லங்களிற் கல்வி பெறுவதாக ஆட்சியர் அறிவித்திருந்தார். இது நகரத்துப் பள்ளிகளிற் பயின்றோர் தொகையினும் ஐந்து மடங்கிற்கு மேற்பட்டது என மன்றோ குறித்தார். இவ்வெண்ணிற் பிழை இருத்தல் கூடும் என அவர் ஐயுற்றாரேனும், உறவினரோ தனியாசிரியரோ சிறுவர்க்கு வீட்டிற் கற்பித்தல் நாட்டில் எங்கும் அரிதன்று என்பதை ஒப்புக்கொண்டார். எனவே, இல்லக் கல்வி அக்காலத்தே பள்ளிக்குப் பகையாகவன்றித் துணையாகவே நிலவியது என்பது பெறப்படும்.

ஆயினும், இச்சான்றைக் கொண்டு பழங்காலமே பொற்காலம் எனப் புகழ்தல் பொருந்தாது. மேற்கூறிய 1,88,650 மாணாக்கருள் பெண்மக்கள் 4,540 பேரே. கற்பிக்க வல்ல தந்தையோ, பொருள் கொடுத்து அமர்த்தப்பெற்ற ஆசிரியரோ இருந்த இல்லங்களிலேதான் இல்லக் கல்வி நடைபெற்றிருத்தல் இயலும். எழுத்தறியாதார் வீட்டில் அது நிகழ வழியே இல்லை.

இரண்டாவது சான்று தமிழுலகு நன்கறிந்த மறைமலையடிகளின் இளமை வரலாறு. 1876-இல் பிறந்த அடிகள், வேதாசலம் என்னும் பிள்ளைப் பெயரோடு நாகப்பட்டினத்து வெசுலியன் மிசன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். தந்தையார் மறைவுக்குப்பின், நான்காம் படிவத்தோடு அவர்தம் பள்ளிப் படிப்பு நின்றது. எனினும் கல்வி நின்றிலது. அந்நகரிற் புத்தக வாணிகம் செய்துவந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் தமிழறிஞர் அவருக்கு இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தார். ஆங்கிலமும் வடமொழியும் பெரிதும் தம் முயற்சியால் அடிகள் பயின்றனர். பள்ளியிறுதித் தேர்வு எய்தாத அவர் 1898-இற் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகி, 1911 வரை அப்பணி ஆற்றினார். பள்ளி இன்றியும் கல்வி சிறக்கும் என்பதற்கு இவ்வரலாற்றைக் காட்டுவர். நாம் அதனைச் சிறிது வேறுபடக் காண்கின்றோம். அடிகள் இழந்தது பள்ளியை, ஆசிரியரை அன்று. நூல்கள் நிறைந்த ஒரு கடையும், அவற்றைப் பொருளுணர்ந்து கற்பிக்கும் ஒரு புலவரும் அந்நகரில் இல்லாதிருப்பின், அவ்விளைஞர் நிலை யாதாகியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது சான்று, இல்லத்தை நாடுதல் பெற்றோர் விருப்பாக அன்றி அரசின் ஆணையாக வந்தது. முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் 1953-இல் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகட்கு ஒரு திட்டம் வகுத்தார். அதன்படி மாணாக்கர் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியிலும், எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலைக் கற்றும் கழித்தல் வேண்டும். ஒரே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு, இருமுறை பள்ளி நடத்தி மிகுதியான சிறார்க்குக் கல்வி தரலாம் என்பது அரசின் எண்ணம். பழவேற்காட்டு ஏரிக்கரையையும் பொன்னேரி வட்டத்து நன்செய் ஊர்களையும் எண்ணுக. இத்திட்டத்தின்கீழ், மீனவர் மகன் வலைக்கும், உழுகூலியாள் மகன் பிறர் வயலுக்கும் செல்ல, கற்றோர் மகன் நூலோடு அமர்வான். பிறந்த குலத்தின் தொழிலிலேயே சிறாரை நிறுத்துவது இது என்று கூறிப் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் ‘குலக்கல்வி’ எனப் பெயரிட்டு இதனை எதிர்த்தனர். ஆராய அமர்த்தப்பெற்ற பருலேகர் குழு திட்டத்திற்குச் சார்பாகவே அறிக்கை தந்தது. எனினும், 1954 ஏப்பிரலில் இராசாசி பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. இது தொடக்கப் பள்ளிச் சிறார்க்கு வகுக்கப்பட்டதாயினும், நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு அது தரும் படிப்பினை பெரிது. நேரம் அனைவர்க்கும் ஒரே அளவினதாய்க் குறைக்கப்பட்டது. அந்நேரத்தை நிரப்பும் வளமோ வீட்டுக்கு வீடு வேறுபட்டது.

இனி, இக்கால நிலையை நோக்குவோம். 2010 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வியை வற்புறுத்துகின்றது. இல்லத்தைப் பள்ளியின் ஒருவகையாக அது வகுத்திலது. பதினான்கு வயது நிரம்பியோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுதலாம். மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. ஆனால், ஒரு பகுதி பள்ளி, ஒரு பகுதி இல்லம் என்னும் பகுப்பிற்கு வருகைப் பதிவோடு பிணைந்த நம் பள்ளி முறை எளிதில் இடந்தருவதன்று.

ஆதலின், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் முறைமாற்றுப் பணி செய்யும் பெற்றோர் ஒருவர் இம்முடிவை எண்ணுவாராயின், முதற்கண் அவர் வினவ வேண்டுவது பள்ளியின் குறைகளை அன்று. விடுவிக்கப்படும் நாழிகையில் தம் பிள்ளையோடு அமர்பவர் யார், அவர் கற்பிக்க வல்லது யாது, தேர்வுக்கும் மேற்படிப்பிற்கும் மீளும் வாயில் திறந்துளதா என்பனவே அவ்வினாக்கள். இவற்றிற்கு விடையுள்ள இல்லம் பள்ளிக்கு நிகராதல் கூடும். விடையற்ற இல்லத்திற்குப் பிள்ளையை அனுப்புதல், அதனை அரசு செய்யினும் பெற்றோர் செய்யினும், கல்வியைக் குறைத்தலே ஆகும் என்பது இவ்வரலாற்றால் நாம் துணியும் முடிபாகும்.