எந்தப் பெட்டியின் சாவி?

திண்டுக்கல் பூட்டு போட்ட இரண்டு பெட்டிகள் உள்ள வீட்டில், சாவியைத் தராமல் “பெட்டியைத் திற” என்றால் எதைத் திறப்பது? கணினியில் தரவுத்தளம்தான் பெட்டி. அதற்கான இணைப்பே சாவி.

1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. மொழியில் பின்னர் இச்சிக்கல் எழுந்தது. பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகளிடம் இணைப்பைக் குறிப்பிடாவிட்டால், கடைசியாகத் திறந்த இணைப்பையே அவை எடுத்துக்கொள்ளும். இரு தரவுத்தளங்களிலும் ஒரே பெயரில் அட்டவணை இருந்தால், மாணவரின் மதிப்பெண் தவறான இடத்தில் பதிவாகிவிடும்; பிழைச்செய்தியும் வராது!

2004இல் வந்த மைஎஸ்க்யூஎல்ஐ முறை, செயற்கூறுகளுக்கு இணைப்பை முதல் உள்ளீடாகத் தரும்படி கட்டாயமாக்கியது. 2015இல் ஏழாம் பதிப்பு பழைய முறையை நீக்கியது.

நீங்கள் எழுதும் செயற்கூறுக்கும் சாவியைக் கையிலேயே கொடுங்கள். எந்தப் பெட்டி திறக்கிறது என்பது படிப்பவருக்கும் விளங்கும் அல்லவா?