அரிசி அட்டைக்கு ஒரு கைத்துப்பாக்கி

அகிரா குரோசாவாவின் ‘ஸ்ட்ரே டாக்’ படத்தில் குற்றவாளியின் பெயரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுப்பது ஒரு ரேஷன் அட்டை. வட்ட வழங்கல் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். அந்த இடம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

இளம் துப்பறிவாளன் முராகாமியின் கோல்ட் துப்பாக்கியை நெரிசலான பஸ்ஸில் யாரோ அடித்துவிடுகிறார்கள். உள்ளே ஏழு குண்டுகள். கள்ளத் துப்பாக்கியை வாடகைக்கு விடும் கும்பல், ஈடாக வாங்கி வைத்துக்கொள்வது ஆளின் அரிசி அட்டையை. படம் வந்த 1949-இல் தோக்கியோவில் எந்த ரசிகனுக்கும் இதை விளக்கத் தேவை இருந்திருக்காது. அட்டை இல்லாதவனுக்குச் சட்டப்படி சோறு இல்லை.

சட்டப்படி கிடைத்த சோறும் எவ்வளவு? 1945-இல் ஜப்பான் போரில் தோற்றுச் சரணடைந்தபோது ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம். அதுவும் முழுக்க அரிசியாக வராது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோயா என்று கலந்து வரும். வர வேண்டிய நாளில் வருவதும் நிச்சயமில்லை. ஆகவே ஊரே கள்ளச்சந்தைக்குப் போனது. சரணடைந்த ஒரு வாரத்துக்குள் ஷின்ஜுகு ரயில் நிலையத்தருகே ஓஸு என்ற தெருக்கடைக் கும்பல் முதல் சந்தையைத் திறந்துவிட்டது. அரசாங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் ரவுடிகள் கடை பிரித்துக் கொடுத்து, இட வாடகை வசூலித்து, தகராறும் தீர்த்து வைத்தார்கள். விநியோகம் என்ற வகையில் எங்கள் துறை பொறாமைப்படும் வேகம்.

விலைதான் கொள்ளை. அந்த வருஷக் கடைசியில் கள்ளச்சந்தை அரிசி, அரசு விலையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் போனது. பணமில்லாதவர்கள் பீரோவிலிருந்த கிமோனோக்களை மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி, கிராமத்துக் குடியானவர்களிடம் கொடுத்து அரிசியோ கிழங்கோ வாங்கி வந்தார்கள். திரும்பும் வழியில் போலீஸ் சோதனை. பிடிபட்டால் மூட்டை பறிமுதல்.

இப்படிப் பிடிபட்டவர்களை விசாரித்த தோக்கியோ நீதிபதிகளில் ஒருவர் யமாகுச்சி யோஷிததா. கள்ளச்சந்தை அரிசிக்காகப் பிறரைத் தண்டிப்பவன் அதையே தின்னக் கூடாது என்று ரேஷனோடு நிறுத்திக்கொண்டார். அதிலும் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கு விட்டார். 1947 அக்டோபரில் 33 வயதில் ஊட்டமின்றி இறந்தார். அவரை மகான் என்றவர்கள் உண்டு, பைத்தியம் என்றவர்களும் உண்டு. எனக்கு வேறொன்று படுகிறது: ஒழுங்காக நடந்தால் சாக வேண்டும் என்கிற விநியோகத் திட்டத்தைப் போட்டவர்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள்.

முராகாமியும் அந்தச் சட்டத்தின் ஆள்தான். போரிலிருந்து திரும்பிய சிப்பாய் வேஷம் போட்டு, துப்பாக்கியைத் தேடி அவன் சந்தையில் அலையும் பகுதி பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறையும். பேச்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. வானொலிப் பாட்டும் கூட்டத்தின் இரைச்சலும்தான். பொறுமையில்லாதவர்கள் இதை நீளம் என்பார்கள். என்னைக் கேட்டால் படமே இதுதான், மீதி கதை. பெரும்பகுதி உவேனோவில் நிஜச் சந்தைக்குள் மறைத்து வைத்த கேமராவால் எடுத்தது. எடுத்தவர் உதவி இயக்குநர் இஷிரோ ஹோண்டா. ஐந்து வருஷம் கழித்து ‘காட்ஜில்லா’ எடுத்த அதே ஹோண்டா. பல இடங்களில் முராகாமியின் கால்களாக நடப்பது அவனாக நடித்த தோஷிரோ மிஃபுனே அல்ல, ஹோண்டாதான். அவரோ சீனாவில் போரிட்டு, கைதியாக இருந்து, 1946-இல்தான் ஊர் திரும்பியவர். அந்த நடைக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது. போருக்குப் பிந்தைய ஜப்பானின் வாசனை படத்தில் இருக்கிறதென்றால் அது ஹோண்டாவால்தான் என்று குரோசாவா பின்னாளில் எழுதினார்.

படப்பிடிப்பு 1949 கோடையில். அந்தக் கோடையிலேயே, தோக்கியோவின் தெருக்கடைகளை அகற்றச் சொல்லி அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் உத்தரவு போட்டது. அக்டோபரில் படம் வெளியானது. அடுத்த இரண்டொரு வருஷத்தில் நடைபாதைக் கடைகள் ஒவ்வொரு பேட்டையாக எடுக்கப்பட்டன. உவேனோவிலோ ரயில் பாலத்தின் அடியிலும் ஓரத்திலும் இருந்தவர்கள் கூரை போட்டு நிரந்தரக் கடைக்காரர்களாகிவிட்டார்கள். அமெயோகோ என்று பெயர். வருஷக் கடைசியில் பண்டிகைக்கு மீனும் நண்டும் வாங்க இன்றும் அங்கே கூட்டம் நெரியும். அட்டை எதுவும் கேட்பதில்லை.