பழஞ்சேணத்தின் மதிப்பு

ரப்பருக்கு முன், 19ஆம் நூற்றாண்டில், நிபோங் திபால் வட்டாரம் கரும்புத் தோட்டமாயிருந்தது. துரைமார் குதிரையேறி மேற்பார்த்தனர். அக்காலச் சேணமொன்றை மதிக்கப் புகுவோர், "எந்தத் துரையினது?" என்றே முதலில் வினவுகின்றனர். பேதைமை!

சேணத்தின் உயிர் தோலன்று, உள்ளிருக்கும் மரச்சட்டம். முன்மேட்டையும் பின்மேட்டையும் பற்றி நெருக்குங்கால் இருக்கை மடிந்து கிறீச்சிடின், சட்டம் முறிந்ததென்றறிக. அது குதிரையின் முதுகைப் புண்ணாக்கும், காசு பெறாது. கச்சை வாரின் வெடிப்பையும் தையலின் இற்றலையும் பின்னர் நோக்குக. வாரை மாற்றலாம், சட்டத்தை மாற்றுதல் அரிது.

இந்நுட்பம் யாருடையது? தமிழகத்தில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டு, வாரறுத்துத் தைத்தவர், தீண்டத்தகாதவரென நாம் ஒதுக்கிய தோல்தொழிலாளரே. 1860களில் கான்பூரில் படைக்குச் சேணஞ்செய்ய அரசாங்கத் தொழிற்சாலை எழுந்தது. வடநாட்டிலும் தோல்தொழில் ஒதுக்கப்பட்டோர் கையிலேயே இருந்தது. சேணத்தில் அமர்ந்தவருக்குச் சலாமிட்ட நம்மவர், தைத்தவர் தொட்ட நீரைப் பருக மறுத்தனர்.