‘எச்’ என்ற எழுத்தும் அதன் இரண்டு கேள்விகளும்

அமெரிக்காவில் பெட்ரோல் டேங்கரோ, குளோரின் ஏற்றிய லாரியோ, வெடிமருந்து வண்டியோ ஓட்டுவதற்குக் கனரக வாகன உரிமம் மட்டும் போதாது. அந்த உரிமத்தில் ‘எச்’ என்ற எழுத்தும் இருக்க வேண்டும். ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்லத் தகுதியானவர் என்பதற்கு அதுதான் அடையாளம். டேங்கருக்கான தகுதியும் சேர்ந்தால் ‘எக்ஸ்’ என்று வரும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்த எழுத்தைத் தக்கவைக்க ஓட்டுநர் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். மாநிலப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆபத்தான சரக்குகளைப் பற்றிய எழுத்துத் தேர்வை மறுபடி எழுதி, நூற்றுக்கு எண்பதாவது எடுப்பது ஒன்று. கைரேகை கொடுத்து, தம்மால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்று மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்லும்வரை காத்திருப்பது மற்றொன்று. முதலாவது ஒரே அமர்வில் முடிந்துவிடும். இரண்டாவதற்குக் கட்டணமே எண்பது டாலருக்கு மேல். அறுபது நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள் என்று அந்த நிர்வாகமே சொல்கிறது. ‘உனக்கு என்ன தெரியும்’ என்பது ஒரு கேள்வி, ‘நீ யார்’ என்பது இன்னொரு கேள்வி. இந்த எழுத்து எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், முதல் கேள்விக்காகத்தான் அது பிறந்தது என்பது விளங்கும். அந்தக் கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது பெரும் பிழை என்பதே என் வாதம்.

கதை லாரிக்கு முந்தைய காலத்தில் தொடங்குகிறது. 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் அலுவலகத்துக்கு, வழியில் கசிந்துபோன ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே நைட்ரோகிளிசரின் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. சேதம் எவ்வளவு என்று பார்க்கச் சுத்தியும் உளியும் கொண்டு பெட்டியைத் திறக்கப் போனார்கள். வெடிப்பில் கட்டடத்தின் ஒரு பகுதி சிதறியது; பதினைந்து பேர் வரை இறந்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில் பனாமாவின் அஸ்பின்வால் துறைமுகத்தில், ‘யூரோப்பியன்’ என்ற நீராவிக் கப்பலில் இதே சரக்கு வெடித்துப் பலர் மாண்டிருந்தனர். அந்த ஆண்டு ஜூலையிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் நைட்ரோகிளிசரினை ஏற்றிச் செல்வதற்குச் சட்டம் இயற்றியது. சான் பிரான்சிஸ்கோ கட்டடத்தின் உரிமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1872இல் தீர்ப்பானது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாதபோது, அதைச் சுமந்து வந்தவர் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே நிறுவனம் கவனக்குறைவாக நடந்ததாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். சட்டத்தின் கண்ணில் அது சரியான தீர்ப்பாக இருக்கலாம். ஆனால் சுமப்பவருக்குச் சரக்கு தெரியாது என்ற நிலைமை அந்தத் தீர்ப்பால் மாறவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு விதியும் அந்த அறியாமையை ஏதோ ஒரு பக்கத்தில் அடைக்கும் முயற்சிதான்.

முதலில் ரயில்வேக்கள் விழித்துக்கொண்டன. 1905இல் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் அருகே டைனமைட் ஏற்றிய சரக்கு ரயிலில் பயணிகள் ரயில் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1907இல் ரயில்வே நிறுவனங்கள் சேர்ந்து வெடிபொருள்களுக்கென்று ஒரு கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்தின. 1908இல் மத்தியச் சட்டம் வந்தது. பெட்டி எப்படி அடைக்கப்பட வேண்டும், அதன்மேல் என்ன எழுதியிருக்க வேண்டும், எதன் பக்கத்தில் எதை அடுக்கக் கூடாது என்பவற்றை அந்த விதிகள் சொல்லின. எல்லாம் சரக்கைப் பற்றியவை. வண்டியை நடத்துபவர் ரயில்வே ஊழியர். அவரைப் பழக்குவது ரயில்வேயின் பொறுப்பு. சரக்கு தண்டவாளத்தை விட்டு நெடுஞ்சாலைக்கு மாறியபோது அந்த ஏற்பாடு உடைந்தது. ரயிலுக்குப் பின்னால் நிலையம், சிக்னல், மேற்பார்வை என ஒரு முழு நிர்வாகம் இருந்தது. லாரியில் ஒரே ஓர் ஆள். எங்கே நிறுத்துவது, எப்போது இறங்குவது என்று முடிவு செய்பவர் அவர்தான்.

அந்த ஒற்றை முடிவின் விலை என்ன என்பதை ஓரிகான் மாநிலத்தின் ரோஸ்பர்க் நகரம் 1959 ஆகஸ்ட் 7ஆம் தேதி அறிந்தது. இரண்டு டன் டைனமைட்டும் நாலரை டன் அம்மோனியம் நைட்ரேட் கலவையும் ஏற்றிய லாரி முந்தைய நாள் மாலை ஊருக்குள் வந்தது. மறுநாள்தான் சரக்கை இறக்க வேண்டும். ஓட்டுநர் நகரின் நடுவே, கட்டுமானப் பொருள் விற்கும் கடை ஒன்றின் அருகே வண்டியை நிறுத்திவிட்டு ஹோட்டலில் அறை எடுத்துத் தூங்கப் போனார். நள்ளிரவு தாண்டி அந்தக் கடையில் தீப்பிடித்தது. ஒரு மணி கடந்த சில நிமிடங்களில் லாரி வெடித்தது. பதினான்கு பேர் இறந்தார்கள், சுமார் 125 பேர் காயமடைந்தார்கள், நகரின் மையத்தில் பல கட்டடத் தொகுதிகள் அழிந்தன. இறந்தவர்களில் தீயணைக்க வந்தவரும் காவலரும் உண்டு. அந்த ஓட்டுநரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இன்றைய பாதுகாப்புச் சோதனை அன்றே இருந்திருந்தாலும், ‘நீ யார்’ என்ற கேள்வி அந்த லாரியைத் தடுத்திருக்கப் போவதில்லை. இன்று வெடிபொருள் லாரியைக் கண்காணிப்பின்றி விட்டுப் போகக் கூடாது என்றும், கட்டடத்துக்கும் பாலத்துக்கும் 300 அடிக்குள் நிறுத்தக் கூடாது என்றும் விதி சொல்கிறது. ‘எச்’ தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் அந்த எண்ணைப் படிக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ரோஸ்பர்க் போன்ற ஊர்கள் இருக்கின்றன.

1975 ஜனவரியில் ஆபத்தான சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கையெழுத்தானது. ஆனாலும் ஓட்டுநரின் தகுதியை நாடு முழுவதற்கும் ஒரே அளவில் வைத்தது அதற்கும் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை பல மாநிலங்களில் கார் ஓட்டும் உரிமம் உள்ளவரே பதினெட்டுச் சக்கர லாரியையும் சட்டப்படி ஓட்டலாம். ஒரே ஆள் பல மாநிலங்களில் உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, பிடிபடும் குற்றங்களை அவற்றில் பங்குபோட்டு எழுத வைத்து, எந்த உரிமமும் பறிபோகாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1986 அக்டோபரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டம் இதை நிறுத்தியது: ஓர் ஓட்டுநருக்கு ஒரே உரிமம், மாநிலங்கள் எல்லாம் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடு, ஓட்டும் வண்டிக்கேற்ற தேர்வு. 1992 ஏப்ரல் 1 கெடு. ஆபத்தான சரக்குக்கான தனித் தகுதி தேசிய அளவில் வந்தது இந்த ஏற்பாட்டில்தான். அது முழுக்க முழுக்க அறிவுத் தேர்வு. வண்டியின் நான்கு பக்கமும் எந்தச் சாய்சதுரப் பலகை, எவ்வளவு எடைக்கு மேல் அது கட்டாயம், எந்தச் சரக்கோடு எதைச் சேர்க்கக் கூடாது, ரயில் கடவைக்கு எத்தனை அடி முன்னால் நிற்க வேண்டும், கசிந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பவையே கேள்விகள்.

அதில் ஒரு விதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சரக்குச் சீட்டு, ஓட்டுநர் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவர் இறங்கிப் போனால் அதை இருக்கையின் மேலோ, தம் பக்கத்துக் கதவின் பையிலோ வைத்துவிட்டுப் போக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது காகிதச் சடங்காகத் தோன்றும். ஆனால் விபத்தில் ஓட்டுநர் நினைவிழந்து கிடக்கும்போது, கதவைத் திறக்கும் தீயணைப்பு வீரரின் கை முதலில் போகும் இடங்கள் அவைதான். சீட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணை அவசரக் கையேட்டின் மஞ்சள் பக்கத்தில் தேடினால், தண்ணீர் அடிக்கலாமா கூடாதா, மக்களை எவ்வளவு தூரம் விலக்குவது என்பதெல்லாம் கிடைத்துவிடும். பெட்ரோலுக்கு 1203. சான் பிரான்சிஸ்கோவில் சுத்தியோடு நின்றவர்களுக்குக் கிடைக்காதது இந்தச் சீட்டுதான். ஓட்டுநர் அதைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தால், ஒரு நூற்றாண்டுச் சட்டமும் அந்த நிமிடத்தில் பயன்படாது.

2001 செப்டம்பர் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் கேள்வி மாறியது. பென்சில்வேனியாவில் தேர்வு அலுவலர் ஒருவர் வழியாக முறைகேடாக வணிக உரிமம் பெற்றதாகச் சுமார் இருபது பேர் அந்த மாதம் கைதானார்கள். பெரும்பாலோர் இராக்கிலிருந்து வந்தவர்கள். பயங்கரவாதத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் அச்சம் சட்டமாகிவிட்டது. அக்டோபர் 26ஆம் தேதி கையெழுத்தான பேட்ரியாட் சட்டத்தின் 1012ஆம் பிரிவு, பாதுகாப்புச் சோதனை முடியாமல் எந்த மாநிலமும் ஆபத்தான சரக்குக்கான உரிமத்தை வழங்கவோ புதுப்பிக்கவோ கூடாது என்றது. கைரேகைச் சோதனை, புதியவர்களுக்கு 2005 ஜனவரி 31 முதலும் புதுப்பிப்பவர்களுக்கு அதே ஆண்டு மே 31 முதலும் நடைமுறைக்கு வந்தது. தேசத்துரோகம், உளவு, கொலை, வெடிபொருள் குற்றம் போன்றவற்றில் தண்டனை பெற்றவருக்கு நிரந்தரத் தடை. வேறு சில குற்றங்களுக்கு, தண்டனை பெற்று ஏழு ஆண்டும் விடுதலையாகி ஐந்து ஆண்டும் ஆகியிருக்க வேண்டும். மேல்முறையீடும் விலக்குக் கோருவதும் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

இந்தச் சோதனை தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எரிவாயு லாரியை வெடிகுண்டாக்க முடியும் என்பதை 2002 ஏப்ரலில் துனீசியாவின் ஜெர்பா தீவிலுள்ள யூத ஆலயத்தின் வாசலில் உலகம் பார்த்தது. சுமார் இருபது பேர் அங்கே இறந்தார்கள். ஆனால் அமெரிக்க மண்ணில் லாரி குண்டால் நடந்த இரண்டு பெரிய தாக்குதல்களை எண்ணிப் பாருங்கள். 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்திலும் 1995இல் ஓக்லஹோமா நகரத்திலும் பயன்பட்டவை வாடகை வண்டிகள். ‘எச்’ எழுத்து எதுவும் தேவைப்படாமல், வாடகை கொடுத்து எடுத்த வண்டியில் குண்டைத் தாங்களே தயாரித்து ஏற்றினார்கள். கொல்ல நினைப்பவன் உரிமம் புதுப்பிக்கும் வரிசையில் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வரிசையில் நிற்பவர்கள் பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவர்கள்; அவர்களால் ஊருக்கு நேரக்கூடிய ஆபத்து பெரும்பாலும் தெரியாமையிலிருந்தும் அசதியிலிருந்தும் அவசரத்திலிருந்தும் வருவது.

அனுபவசாலிக்கு எதற்கு மறுதேர்வு என்று கேட்பவர்கள் உண்டு. இருபது ஆண்டு டேங்கர் ஓட்டியவர், அலுவலகத்தில் உட்கார்ந்து பலகையின் நிறத்தை எழுதிக் காட்ட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. அவர் இருபது ஆண்டும் ஒரே பெட்ரோலை ஒரே சாலையில் ஓட்டியிருக்கலாம். உரிமமோ எந்த ஆபத்தான சரக்குக்கும் செல்லும். விதிகளும் நிற்பதில்லை. 1990இல் அமெரிக்கா தன் வகைப்பாட்டை ஐக்கிய நாடுகளின் முறையோடு பொருத்தியபோது, பலகைகளும் பெயர்களும் ஏராளமாக மாறின. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனமே பயிற்சி தர வேண்டும் என்று தனி விதி இருக்கிறதே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் கற்பிப்பவரும் சோதிப்பவரும் சான்று எழுதுபவரும் அங்கே ஒரே முதலாளி. வண்டி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று நினைப்பவரும் அவரே. வெளியாள் ஒருவர் கேட்கும் இடம் உரிம அலுவலகம் மட்டும்தான்.

விபத்துக்குக் காரணம் வேகம், அறிவு அல்ல என்றும் சொல்வார்கள். 1976 மே மாதம் ஹூஸ்டனில் அம்மோனியா டேங்கர் மேம்பாலத்திலிருந்து விழுந்து ஏழு பேர் இறந்ததைக் காட்டுவார்கள். அங்கே விசாரணை, மிகை வேகத்தோடு டேங்கினுள் திரவம் பக்கவாட்டில் அலைந்ததையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது. வளைவில் திரவம் என்ன செய்யும் என்பது, ஓட்டுநர் கற்றே ஆக வேண்டிய பாடம். ஓட்டுநர் மறுபடி கற்க வேண்டும் என்ற இந்த ஓர் இடத்தில் இந்தியச் சட்டம் தெளிவாக இருக்கிறது. இங்கே ஆபத்தான சரக்கு ஏற்றும் ஓட்டுநரின் உரிமம் முன்பு ஓராண்டுதான் செல்லும்; 2019 திருத்தத்துக்குப் பின் மூன்றாண்டு. இரு காலத்திலும் புதுப்பிக்க மறுபயிற்சியே நிபந்தனை. அந்தப் பயிற்சி எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆனால் புதுப்பிப்பு என்றால் மறுபடி கற்பது என்று சட்டம் எடுத்துக்கொண்டதில் தவறில்லை.

அமெரிக்க எழுத்துத் தேர்வு இன்றைய நிலையில் நல்ல தேர்வு என்று நான் வாதாட மாட்டேன். கையேட்டை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். செய்முறை எதுவும் இல்லை. 2022 பிப்ரவரி 7 முதல், ‘எச்’ எழுத்தை முதன்முதலாகப் பெறுபவர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளரிடம் பாடம் கற்ற பிறகே தேர்வு எழுத முடியும் என்று மத்திய விதி வந்தது. நல்ல விதி. ஆனால் புதுப்பிப்பவருக்கு அது பொருந்தாது. அவரிடம் பழைய எழுத்துத் தேர்வோடு கைரேகை மட்டும் கேட்கப்படுகிறது. ஓட்டுநரின் பின்னணியை அலச அறுபது நாள் ஒதுக்கும் அரசு, ஒரு சரக்குச் சீட்டைக் கையில் கொடுத்து இதற்கு எந்தப் பலகை, கசிந்தால் என்ன செய்வாய் என்று நேரில் கேட்க அரை நாளாவது ஒதுக்க வேண்டும். 2022இன் பயிற்சி விதியைப் புதுப்பிப்பவர்களுக்கும் நீட்டிப்பதே அதற்கு முதல் படி.