ஏழாவது கட்டம்

2009 ஜூலையில் ஒரு நாள் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பொறியியல் கலந்தாய்வுக்காக அப்பாவும் நானும் காத்திருந்தோம். மேச்சேரியிலிருந்து சேலம், சேலத்திலிருந்து ராத்திரி பஸ், விடிகாலையில் கோயம்பேடு. சான்றிதழ்கள் இருந்த மஞ்சள் பையை அப்பா மடியைவிட்டு இறக்கவே இல்லை. எதிரே ஒரு பெரிய திரை. இடதுபக்கம் கல்லூரிகளின் பெயர்கள், மேலே வகுப்புகள்: ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி. கட்டங்களுக்குள் மீதமிருக்கும் இடங்கள். உள்ளே யாரோ ஒருவர் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததும் வெளியே ஏதோ ஒரு கட்டத்தில் ஓர் எண் குறையும். எங்கள் கண் எம்பிசி கட்டத்தைவிட்டு நகரவில்லை.

அப்பாவுக்குப் பொழுதுபோகவில்லை போல. "அதென்னடா, எஸ்சிக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஏ? போன வருசம் உங்க பெரியப்பா பையனோட வந்தப்ப இது இல்லையே. பிசி-க்குப் பக்கத்துல இன்னொண்ணு இருந்துச்சு, கிறிஸ்டியன்னு. அதையுங் காணோம்."

அன்றைக்கு நான் கவனித்துப் பதில் சொல்லவில்லை. இருநூறுக்கு எவ்வளவு வாங்கியிருந்தேன், அது எங்கே போய் நிற்கும் என்பதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வருடத்தில் ஒரு வகை மறைந்து இன்னொன்று முளைத்திருந்தது. அதை என்னைவிட அப்பாதான் சரியாகப் பார்த்திருக்கிறார்.

இப்போது என் தொழிலில் மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வந்து, இந்தப் பட்டியலில் இன்னொரு வகை சேர்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். நிரலில் ஒரு வரி சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அப்படிச் சேர்த்த பிறகு, பழைய வகையில் கிடப்பதில் எது வெளியே வரும், மீதியிருப்பதன் கதி என்ன, பின்னால் வருபவை எங்கே போகும் என்று யோசிக்காமல் சேர்த்துவிட்டு நான் பட்ட பாடு தனிக் கட்டுரை. மெல்வில் டூயி 1876-ல் நூல்களைப் பத்துப் பெரும் பிரிவாகப் பிரித்தார். மதத்துக்கு ஒரு நூறு எண்கள். அதில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்குப் போய், உலகின் மற்ற மதங்கள் எல்லாம் 290 என்ற ஒரே வரிசையில் நெருக்கியடித்து நின்றன. நூலகத்தில் அப்படி நடந்தால் புத்தகத்தைத் தேடுவதுதான் கஷ்டம். அந்தத் திரையில் நடந்தால் ஒரு வீட்டின் தலையெழுத்தே மாறும்.

அந்தத் திரையின் முதல் வடிவத்தை வரைந்த அரசுக்கு எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்தான் தலைவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த ப. சுப்பராயன், திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலத்தின் ஜமீன்தார். அன்றைக்கு அதுவும் சேலம் மாவட்டம்தான். அவருடைய அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியார் காலத்தில் வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்தது. 12 இடம் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. மொத்தம் ஐந்து கட்டங்கள்.

அந்த ஐந்தில் முதல் கட்டத்தைப் பாருங்கள். 'பிராமணர் அல்லாத இந்துக்கள்.' ஒரு வகையை 'இது அல்லாதது' என்று எதிர்மறையாக வரையறுத்தால் அதற்குள் யார் வேண்டுமானாலும் வந்துவிடுவார்கள். நிலம் வைத்திருந்தவர், வக்கீலுக்குப் படித்தவர், அவருடைய வயலில் கூலிக்குப் போனவர் எல்லாரும் ஒரே கட்டம். ஐந்து இடத்தை யார் எடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1930-களிலேயே பிற்பட்ட வகுப்பினர் தனியாகச் சங்கம் வைத்து, எங்களைப் பிரித்து வையுங்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்த 1947-ல் அது கிடைத்தது. 12 என்பது 14 ஆனது. பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர்கள் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம்கள் 1. 'பிற்பட்ட' என்ற சொல் தனிக்கட்டமாகத் திரையில் தோன்றியது அப்போதுதான். நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மொத்தத் திரையையும் அணைத்தது. ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அதன் பிறகு திரையை மறுபடி போட்டபோது பிற்பட்டோருக்கு 25 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 15.

புதுக்கட்டம் கேட்பதைவிட இருக்கிற கட்டத்துக்குள் நுழைவது சுலபம். இது எல்லா ஊருக்கும் பொருந்தும். 1975-ல் கொங்கு வெள்ளாளர்கள் பிற்பட்டோர் பட்டியலில் சேர்ந்தார்கள். நாமக்கல், ஈரோடு பக்கம் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஏற்கெனவே உள்ளே இருந்து பின்வரிசையில் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் பின்னால் போனார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் 1970-ல் வந்த சட்டநாதன் ஆணைய அறிக்கை. 1969-ல் கருணாநிதி அரசு அமைத்தது. சட்டநாதன் யாரிடமும் அபிப்பிராயம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எண்ணிப் பார்த்தார். பிற்பட்டோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 சதவீதமே இருந்த ஒன்பது சாதிகள், பிற்பட்டோருக்குக் கிடைத்த கெசட்டட் பதவிகளிலும் மருத்துவ இடங்களிலும் கிட்டத்தட்டப் பாதியை எடுத்திருந்தன. அவர் பரிந்துரை: பிற்பட்டோருக்கு 16, மிகவும் பிற்பட்டோருக்கு 17. அரசு என்ன செய்தது? 1971-ல் பிற்பட்டோர் பங்கை 25-லிருந்து 31-ஆக உயர்த்தியது. பிரிக்கவில்லை. அளவைக் கூட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பிரித்தால் கோபித்துக்கொள்வார்கள். 1980-ல் எம்ஜிஆர் செய்ததும் அதுவே. வருமான வரம்பு வைத்துப் பார்த்து, நாடாளுமன்றத் தேர்தலில் அடிவாங்கிய பிறகு 31-ஐ ஒரேயடியாக 50 ஆக்கினார். பாத்திரம் பெரிதானது. பின்வரிசையில் நின்றவர் பின்வரிசையிலேயே நின்றார்.

எண்ணிக்கை சொல்லிப் பார்த்தது நடக்காதபோது சாலை மறியல் வந்தது. 1987 செப்டம்பர் 17 முதல் ஏழு நாள். வன்னியர் சங்கம் அழைப்பு விடுத்திருந்தது. வட மாவட்டங்கள் நின்றுபோயின. 21 பேர் செத்தார்கள். அப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. "பஸ்ஸே ஓடலடா. ரோட்டுல மரம் மரமா கெடந்துச்சு. எதுக்குன்னு எனக்கு அப்ப முழுசா தெரியாது. நம்மாளுக நின்னாங்க, நானும் போயி நின்னேன்" என்பார். அந்த மரங்களைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 1970-லேயே அறிக்கையில் அச்சாகிவிட்ட ஒரு கட்டத்துக்காக 1987-ல் சாலையில் சாக வேண்டியிருந்தது என்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

1989-ல் மறுபடி முதல்வரான கருணாநிதி 50-ஐ 30, 20 என்று பிரித்தார். 20 சதவீதம் மிகவும் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகள். நாங்கள், குயவர், வண்ணார், மருத்துவர், இன்னும் பலர். அப்பாவின் குடும்பத்தில் யாரும் அதுவரை பட்டம் வாங்கியதில்லை. இருபது வருடம் கழித்து நான் போய் உட்கார்ந்தது அந்தக் கட்டத்தின் முன்னால்தான்.

சரி, அப்பா கேட்டதற்கு வருகிறேன். காணாமல் போன கட்டம் எது?

2007-ல் பிற்பட்டோரின் 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று தனியாக ஒதுக்கினார்கள். இரண்டு தரப்புமே நெடுங்காலம் கேட்டுவந்தது. நடைமுறைக்கு வந்ததும் கிறிஸ்தவர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. பொதுவான பிற்பட்டோர் கட்டத்தில் போட்டியிட்டபோது அவர்களுக்கு 3.5-ஐவிட அதிகமாகவே கிடைத்துவந்திருக்கிறது. தனிக்கட்டம் வந்ததும் அதற்கு வெளியே போக வழியில்லை. வேண்டாம், எங்களைப் பழையபடியே சேர்த்துவிடுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். 2008-ல் அரசும் திரும்பப் பெற்றது. முஸ்லிம்களுக்கு அது பயன்பட்டதால் அவர்கள் கட்டம் நின்றது. ஒரே சட்டம், ஒரே அளவு, விளைவு எதிரெதிர். கிடைத்த கட்டத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர்களை இந்தியாவில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. பெருந்தன்மை என்றெல்லாம் சொல்லமாட்டேன், கணக்குத்தான். ஆனால் தப்பை ஒரு வருடத்தில் ஒத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

முளைத்த கட்டம் அருந்ததியர்களுடையது. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் 3, நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி 2009 சட்டம். சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை என்று மேற்கில் அதிகம் வாழ்பவர்கள். ஊர்த் தெருவைக் கூட்டியும் சாக்கடை அள்ளியும் வந்தவர்கள். 18-ல் அவர்கள் கைக்கு வந்தது சொற்பம்.

சட்டத்தைப் பிறகு ஒருநாள் படித்தபோது நான் அசந்துபோனது அதன் வடிவமைப்பைப் பார்த்துத்தான். 3 சதவீதத்தில் தகுதியான அருந்ததியர் கிடைக்காவிட்டால் அந்த இடம் மற்ற பட்டியல் சாதியினருக்குப் போகும், வீணாகாது. தகுதியானவர்கள் 3-க்கு மேல் இருந்தால் மீதி 15-லும் அவர்கள் போட்டியிடலாம். கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்த கட்டத்தில் இல்லாத கதவு இதில் இருந்தது. நல்ல மென்பொருளை எழுதியவர் யாரென்று தெரியாமலேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுமே, அந்த மாதிரி.

என்னோடு பன்னிரண்டாவது வரை படித்த நண்பன் அந்த முதல் வருடம் அந்தக் கட்டத்தில் போனவன். எனக்குப் பிறகு சில நாள் கழித்து அவனுக்குத் தேதி. அவன் அப்பா மேட்டூரில் துப்புரவுப் பணியாளர். கோவையில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. "பழைய வரிசைன்னா நான் தனியார் காலேஜுதான்டா. ஃபீஸ் கட்ட முடியாம வந்திருப்பேன்" என்றான் பின்னொரு நாள். கல்லூரி விடுதியில் ஒருத்தன், பட்டியல் சாதிக்காரனேதான், உங்களுக்காக எங்களைப் பிரிச்சுட்டாங்க என்று அவனிடம் பேசாமல் இருந்தானாம். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 6-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. அன்று ராத்திரி போன் பண்ணினான். தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைப் பள்ளியில் சேர்த்தது, ஊரில் மழை இல்லாதது, இதெல்லாம்தான். வைக்கும்போது, "பதினஞ்சு வருசமா உள்ளுக்குள்ள ஒண்ணு இருந்துட்டே இருந்துச்சுடா" என்றான்.

எங்கள் பக்கக் கதை அவ்வளவு நேர்த்தியாக இல்லை. 2021 பிப்ரவரி 26. எடப்பாடி பழனிசாமி முதல்வர், எங்கள் மாவட்டத்துக்காரர். சட்டமன்றத் தேர்தல் தேதியை ஆணையம் அறிவித்த அதே நாளில், அறிவிப்புக்குச் சற்று முன்பு, 20 சதவீதத்தை மூன்றாக உடைக்கும் மசோதா நிறைவேறியது. வன்னியருக்கு 10.5. மற்ற 93 சமூகங்களுக்கு 7. இன்னொரு 22-க்கு 2.5. என் உறவினர்கள் பட்டாசு வெடித்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு சங்கடம். சட்டநாதன் எண்ணியதுபோல் இங்கே யாரும் எண்ணவில்லை. 1980-களில் அம்பாசங்கர் ஆணையம் எடுத்த மக்கள்தொகைக் கணக்குதான் அடிப்படை. முன்னேறாதவர்களை முன்னே கொண்டுவரக் கட்டத்தைப் பிரிப்பது ஒன்று, ஆட்கள் அதிகம் என்பதற்காகப் பிரிப்பது வேறு.

நவம்பர் 1 அன்று மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உள்ஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இந்த ஒரு சமூகத்தை மற்ற 115 சமூகங்களிலிருந்து பிரித்துக்காட்டப் புதிய தரவு எங்கே என்று கேட்டது. தரவு அன்றும் இல்லை. இனி 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்போவதாக ஒன்றிய அரசு சொல்லியிருக்கிறது. முழுதாகச் சாதியை எண்ணிக் கடைசியாக வெளியிட்டது 1931-ல்.

தீர்ப்பு வந்த அன்று மத்தியானம் அப்பா மேச்சேரியில் டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் டிவி சத்தம்.

"நம்ம கட்டம் போச்சாமாடா?"

"புதுசுதாம்ப்பா போச்சு. பழசு அப்படியே இருக்கு. இருபது."

"எல்லாரும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நம்ம சலூன்காரர் பையன் இந்த வருசம் பன்னெண்டாவது. நல்லாப் படிக்கிறானாம்" என்றார். "அவங்கப்பாவுக்குச் சொல்லிடறேன்."